ப்ளைமி

ருவைஸில் ஷட்டவுன். பதினோராம் இரவு.
என் கையிலிருந்து நழுவிய ஸ்பேனர்
கிளிஃபர்டின் ஹெல்மெட்டை உரசி விழுந்தது.
'ப்ளைமி' என்றார் கீழே.
மேலே நான், 'ஙொய்யால.'

தேநீர் இடைவேளையில் பிரித்துக் காட்டினார்:
கடவுள் என் கண்ணைப் பறிக்கட்டும்
என்ற பழைய சத்தியமாம் அது.
பேரைச் சொன்னால் பாவமென்று
முதலில் கடவுளை விழுங்கினார்கள்,
பிறகு சாபத்தில் பாதியை.
மிச்சம்தான் இது என்று பிஸ்கட்டை நனைத்தார்.
'உன்னுடையதில் யார்?'

பேரீச்சங்கொட்டையை நாக்கில் புரட்டினேன்.
என் சொல்லுக்குள் ஓர் அம்மா இருக்கிறாள்,
ஙகரத்தால் முகம் மூடி.
'சும்மா ஒரு சத்தம், சார்.'

கேம்ப்பில் வெல்டர் இன்னாசி
ஆர்க் வெளிச்சம் பட்ட கண்களில்
வெள்ளரித் துண்டு வைத்துக் கிடந்தான்.
வாரம் முழுக்க ப்ளைமி, ப்ளைமி என்று
கிளிஃபர்டைப் போலவே சொல்லித் திரிந்தவன்.
பொருள் சொல்லலாமா என்று நின்றேன்.
'எவன்டா அது, லைட்டை அணை, ஙொய்'
மீதியை விழுங்கிவிட்டான்.
தலையணை மேல் போன். ஸ்பீக்கரில் அவன் அம்மா:
'என்னய்யா சொன்ன? சரியாக் கேக்கல.'