கழித்தல்

பெய்ரா நகரில், ஜெனரேட்டர் உறுமும் அறை.
டீசல் இன்னும் நான்கு மணி நேரத்துக்கு வரும்.

மேகம் விலகவில்லை.
படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பியதெல்லாம் பஞ்சு.
ரேடார் ஒன்றுதான் துணை:
அலையை வீசும், திரும்பி வருவதை எண்ணும்.
அசையாத நீரில் பட்ட அலை திரும்பாது,
வழுக்கி வேறெங்கோ போய்விடும்.
ஆகவே என் திரையில் வெள்ளம் கறுப்பு.
பதில் வராத இடமெல்லாம் கறுப்பு.

இன்றைய நீரிலிருந்து
என்றுமுள்ள நீரைக் கழிக்க வேண்டும்.
ஆறு வெள்ளமல்ல. ஏரி வெள்ளமல்ல.
மிஞ்சுவதற்குச் சிவப்பு அடித்து
சேதம் என்று பெயரிடுவோம்.
இரண்டாம் வகுப்பில்
கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் அழுதவள் நான்.

பூஸி ஆற்றின் இரு கரையையும் கழித்து முடித்தேன்.
சிவப்பைப் பார்த்துப் படகுகள் புறப்பட்டன.

மூன்றாம் இரவு தொலைபேசி.
சிமாங்கோ, என்றார். ஒர்லாந்தோ சிமாங்கோ, இன்யசூராவிலிருந்து.
பள்ளிக்கூடக் கூரையில் நாற்பத்தொரு பேர்,
இரண்டு ஆடு, ஒரு தையல் இயந்திரம்.
"படகு எங்களைத் தாண்டிப் போகிறது, அம்மா, இரண்டு தடவை.
கையசைத்தோம்.
அவர்களும் கையசைத்தார்கள்."
போனில் ஐந்து சதவீதம்தான் இருக்கிறது, சீக்கிரம் என்றார்.

தேடினேன்.
இன்யசூராவில் சிவப்பே இல்லை.
வெளிர்நீலம்: என்றுமுள்ள நீர்.
அடியில் நான் விரித்திருந்த வரைபடத்துக்கு வயது பத்தொன்பது.
அதில் ஆறு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு கிழக்கே ஒதுங்கியிருக்கிறது.
விட்டுப்போன வண்டலில் மக்காச்சோளம் வந்து,
மக்காச்சோளத்தின் பின்னால் ஆட்கள் வந்து,
ஆட்களின் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்.
ஆற்றிடம் யாரும் எழுதி வாங்கவில்லை.
என் கோப்பிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.
புது நீரில் பழைய நீர் போக
சுழியம்.
கணக்கில் பிழையில்லை.

"கூரையில் நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா?"
ஏன் கேட்டேனோ.
"முறை வைத்து," என்றார்.
அத்தோடு போன் செத்தது.

நீலத்தை அணைத்துவிட்டு
முதல் நாளின் மூலப் படத்தைத் திறந்தேன்.
கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி,
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
நீரில் பட்டு, சுவரில் பட்டு,
அலை வந்த வழியே திரும்பியிருக்கிறது.
பதில் முதல் நாளே வந்திருக்கிறது.

கையால் வரைந்தேன், ஏழு மூலை.
கை நடுங்கியதில் ஒரு கோடு கோணல்;
திருத்தவில்லை, அனுப்பிவிட்டேன்.

விடிகாலையில் படகுக் குறிப்பு வந்தது:
இன்யசூரா, ஏற்றியவர்கள் முப்பத்தெட்டு.
தையல் இயந்திரம் ஒன்று.

டீசல் தீர்ந்தது.
திரை இருண்ட பின்னும்
விரல் அந்தக் கணக்கைப் போடக் கிளம்பி
பாதி மேசையில்
நின்றுவிட்டது.