பெயருக்கான கட்டம்

பதவி உயர்வு வந்த அன்று
பழைய கதவின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு
மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
பழையதில் சுபோதினி என்று மட்டும் இருந்தது.
புதியதில் பெயருக்குக் கீழே இரண்டு வரி:
உள்வாங்கல் மற்றும் மாணவர் நலன்,
துணைத் தலைவர் – பொறுப்பு.
கடைசிச் சொல்லைப் பார்த்து மனிசன் சிரித்தார்:
"அப்ப மற்றத் தலைவர்மாருக்குப் பொறுப்பு இல்லையோ?"

தண்டர் பேயில் அது ஜனவரி.
ஏரி உறைந்து
தன்மேல் ஆட்களை நடக்க விட்டிருந்தது.

பதினொரு வருடம் கீழே இருந்தவள் நான்,
சலவை அறைக்குப் பக்கத்து அறையில்.
உலர்த்தி சுழலும் சத்தத்துக்குள்தான்
பிள்ளைகள் அழுவார்கள், வெளியே கேட்காது.
அதற்காகவே அந்த அறையை மாற்றித் தரக் கேட்டதில்லை.
தட்டுகிற விதத்திலேயே ஆளைத் தெரியும்:
இரண்டு தரம் தட்டிவிட்டு ஓடுவது முதல் வருடம்.
விடாமல் தட்டுவது, கட்டண நாள் தாண்டியது.
தட்டாமல் கதவில் சாய்ந்து நிற்பது
– அதற்குத்தான் கதிரையை விட்டு எழும்புவேன்.

மேலே கம்பளம்.
யாரும் தட்டுவதில்லை,
நாட்காட்டிக்குள்ளால் வருகிறார்கள்.

ஒருநாள் கோரலி கீழே நின்று தொலைபேசி எடுத்தாள்.
மின்தூக்கியில் 'பழுது' என்ற தாள்
நவம்பரில் ஒட்டியது, ஓரம் சுருண்டிருந்தது.
சக்கர நாற்காலியிலிருந்து கேட்டாள்:
"மிஸ், உள்வாங்கல் எத்தனையாம் மாடியில் இருக்கு?"
அன்றைய கூட்டத்தைப் படிக்கட்டின் அடியில் வைத்தேன்.
கதவு திறக்கும்போதெல்லாம் பனி உள்ளே வர
ஆறு இயக்குநர்கள் மேலங்கியோடு நின்றார்கள்.
இருபது நிமிடத்தில் முடிந்த
என் ஒரே கூட்டம் அதுதான்.
மார்ச்சில் மின்தூக்கி ஓடியது.
பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது, எனக்கு.
கோரலிக்கு வரவில்லை.

இனி அலுமாரிக் கதை.

பின்வாசலருகே பூட்டில்லாத உணவு அலுமாரி,
நான் வைத்தது.
கடலை டின், நூடில்ஸ்,
யாரென்று சொல்லாமல் யாரோ வைத்துவிட்டுப் போகும் பருப்பு.
அந்த நாளில் மேலிருந்து கேட்பார்கள்:
எத்தனை பேர்? எந்த நாட்டவர்? தரவு எங்கே?
பசியிடம் கையெழுத்து வாங்க
என்னால் ஏலாது என்பேன்.
கீழே இருந்தால் அப்படிச் சொல்லலாம்.

ஏப்ரலில் நிதிப்பிரிவு என்னைக் கேட்டது.
நான் கீழே கேட்டேன்.
அதே கேள்வி, அதே வரிசை,
வாய் மட்டும் என்னுடையது.
ஒரு படிவம் செய்தோம்:
பெயர், மாணவர் இலக்கம், எடுத்த பொருள், காரணம்.
அடியில் பொடி எழுத்தில்
தொடர்புக்கு: என் பெயர்.
இப்போது என் அறையில் இருக்கிற டமாரிஸ்
ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

வெள்ளி மாலை, எல்லோரும் போன பிறகு
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
பெயர் என்ற கட்டத்தில்
சுபோதினி.
அடுத்ததில் சுபோதினி.
ஏழு வரி, ஏழு கையெழுத்து,
ஒன்றில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
அடியில் அச்சடித்திருந்ததைப் பார்த்து
எழுதியிருக்கிறார்கள்.
காரணம் என்ற கட்டத்தை
ஒரே ஒரு ஆள்தான் நிரப்பியிருந்தார்:
'வியாழக்கிழமை.'

கோபம் வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன்.
பேனா ஆடிக்கொண்டிருந்தது,
நான் தொடவில்லை, கதவுக் காற்று.

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில்
உள்ளதை உள்ளபடி போட்டேன்:
இந்தக் கிழமை அலுமாரிக்கு ஏழு தரம் வந்தவர் ஒரே ஆள்.
மூன்றாம் மாடி.
துணைத் தலைவர், பொறுப்பு.

நிதிப்பிரிவிலிருந்து ஒரு சொல் வந்திருக்கிறது:
"பிழையோ?"

'இல்லை' என்று அடித்துவிட்டு
அனுப்பாமல் இருக்கிறேன்.
கீழே உலர்த்தி சுழல்வது கேட்கிறது போல.
கேட்காது,
மூன்று மாடி.