எறும்பு கடித்தாற்போல

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
ஏழாம் தூணுக்கு நேரெதிரே என் டி.டி.பி. கடை.
திருவனந்தபுரம் பஸ் மேலே போகும்போது
மவுஸ் ஒரு நூலளவு தானாக நகரும்.
கண்ணீர் அஞ்சலி, ஞானஸ்நான அழைப்பு,
ரப்பர் தோட்டம் விற்பனைக்கு
இவற்றுக்கு நடுவே
பக்கத்துக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
பிறிசில்லா அக்காவின் கதைகளை அடிப்பவன் நான்.

வல்லின ற. அதில் அவருக்குப் பிடிவாதம்.
சென்னைப் பதிப்பகம் முதல் புத்தகத்தில்
இடையின ர போட்டு அனுப்பிவிட்டது.
ஐந்நூறு பிரதி. ஐந்நூறிலும்
நீலப் பேனாவால் திருத்தினார்
டியூட்டி முடிந்த இரவுகளில்.

டியூட்டி என்றால் ரத்தம் எடுப்பது.
ஆஸ்பத்திரி லேபில் பத்தொன்பது வருடம்.
எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்வதையே அவரும் சொன்னார்:
எறும்பு கடிச்ச மாதிரிதான் மக்ளே, வலிக்காது.
ஒருநாள் ஒரு பொடியன்
கையை இழுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான்,
எந்த எறும்பு?
கட்டெறும்பா, மிசிறா, சாமி எறும்பா?

அன்று தொடங்கியது.
குலசேகரம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறிய எறும்பு,
அயனிச்சக்கைச் சுளைக்குள் வீடு வாங்கிய எறும்பு,
பேச்சிப்பாறை அணையைக் குடித்துத் தீர்க்கக் கிளம்பி
பாதியில் மூத்திரம் முட்டித் திரும்பிய எறும்பு.
ஒரு கதையின் நீளம் மூன்று மில்லி.
குப்பி நிறையும்முன் வாக்கியம் முடியவேண்டும்,
பஞ்சு வைக்கும்போது பிள்ளை சிரிக்கவேண்டும்.
வாக்கியங்கள் ஏன் இத்தனை குட்டை என்று
மதுரை விமர்சகர் ஒருவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார்.
அக்கா வாசித்துவிட்டு,
நரம்பு கிடைக்காத ஆளு, என்றார்.

ஜெஸ்பின் செவ்வாய்தோறும் வந்தாள்.
பள்ளியாடிப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு.
முகத்தைத் திருப்பாமல் ஊசியையே பார்ப்பவள்.
எறும்பு புறப்பட்டதும் சொன்னாளாம்:
"அக்கா, எனக்குக் கதை வேண்டாம்.
வலிக்கும்னு சொல்லிட்டுக் குத்துங்க.
பிறகு, போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை,
அதச் சொல்லுங்க.
வீட்டுல ஆரும் சொல்லமாட்டாவ."

அந்த மாதம் கையெழுத்துப் பிரதி வரவில்லை.
அடுத்த மாதமும்.
மழை முடிந்து ஒரு நோட்டு வந்தது,
எறும்பே இல்லாத நோட்டு.
பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி
தன் ரிப்போர்ட் கவரைத் தானே பிரிக்கிறாள்.
ஒரே மாலை, ஒரு பஸ் பயணம்;
கவரைப் பிரிக்கவே எண்பது பக்கம்.
அடிக்கும்போது இரண்டு தடவை எழுந்துபோய்
சாயா குடித்துவிட்டு வந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று
பதிப்பகத்திலிருந்து கடிதம்.
"சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை" என்று மட்டும் எழுதி,
அந்த ற-வை இருமுறை அழுத்திக் கையெழுத்திட்டார்.

ஜெஸ்பின் இப்போது வருவதில்லை.
ஆசாரிப்பள்ளத்துக்கு மாற்றினதாக ஒரு பேச்சு,
தேறி ஸ்கூலுக்குப் போவதாக ஒரு பேச்சு.
அக்கா சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
கறுப்புக் கட்டம் போடும் தொழில் எனக்கு.
அந்தப் படம் இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை,
அவ்வளவுதான் தெரியும்.

நேற்று பழைய எறும்புப் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது.
"வலிக்காதுன்னு வர்ற எடத்த
வலிக்கும்னு மாத்தணும், தம்பி."
தேடினேன். நாற்பத்தொன்று.
மொத்தமாக மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது,
நானும் கேட்டேன்.
"வேண்டாம். ஒண்ணொண்ணா."
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
ஒவ்வொன்றிலும் நின்று வாசித்துத் தலையாட்ட,
நான் 'காது' அழித்துக் 'கும்' அடித்தேன்.
முப்பத்தெட்டு.
மூன்றை விடச் சொன்னார்.
அந்த மூன்றிலும் யாரும் பிள்ளையிடம் பேசவில்லை;
வெளி பெஞ்சில் இருக்கும் அம்மா
தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.
"அது கிடக்கட்டு," என்றார்.

மேலே நாகர்கோவில் பஸ் போனது.
மவுஸ் நகர்ந்தது.
திருத்தத்துக்கு என்ன ரேட் என்று கேட்டார்.
நான் கணக்கு இன்னும் சொல்லவில்லை.