எடைமேடை, காங்கயம் ரோடு

ராத்திரி தானாகவே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு
நல்வரவு என்றது. அத்தோடு சரி.
வட்டம் சுற்றுகிறது.

மேடைமேல் கொப்பரை லாரி.
வெளியே சிவப்பு எண்கள் பிசகாமல்
பதினான்காயிரத்து இருபது.
சீட்டுதான் வரவில்லை.

மூன்று தடவை அமுக்கி அணைத்தேன்.
பெருந்துறையிலிருந்து போனில் தங்கவடிவேல்:
"சொருகியிருக்கறத ஒவ்வொன்னாப் புடுங்குங்க."
பிரிண்டர். ஸ்பீக்கர்.
யாரோ விட்டுப்போன பென்டிரைவ்.
வட்டம்.

"ஆச்சுங்களா அம்மிணி?"
டிரைவர் டீக்கு இறங்கினார்.
சிவப்பில் எண்பது கிலோ குறைந்தது.

கடைசியாக மேடையின் ஒயர்.
பிடுங்கியதும்
பொசுக்கென்று திறந்துகொண்டது திரை.
நிறுக்க வேண்டாமென்றால்
அதற்கும் சுகம்தான் போல.

மறுபடி சொருகினேன்.
"புதிதாக வந்தவற்றைப் பார்க்கிறீர்களா?" என்கிறது.
பின்னால் ஏழு வண்டி ஆரன்.

டிரைவர் ஏறினார்.
தொண்ணூறு கூடியது.
பஜ்ஜியும் சேர்த்தே
சீட்டு அடித்தேன்.