காசு கட்டாதவள்

தம்பி யோகச்சந்திரன் ஆயிரத்தைந்நூறு கட்டியிருக்கிறான்
மயிலைச் சோடிக்கு.
எனக்குச் சோடி தெரியாது.
ஏ பிரிவா பி பிரிவா, அதுவும் விளங்காது.
வட்டக்கச்சிச் சவாரித் திடலில்
கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஐஸ்கிறீம் வானின் நிழலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.

போன வருசச் சவாரியை
மருமகன் போனில் காட்டினான்.
வண்டில் ஓடியது, ஆட்கள் கத்தினார்கள்,
அடுப்பில் கத்தரிக்காய் கருகியது.
அவ்வளவுதான்.

இங்கே,
கொடி விழுந்ததை யாரும் சொல்லத் தேவையில்லை.
முதலில் உள்ளங்காலில் வருகிறது.
பிறகு முழங்காலில்.
பிறகுதான் புழுதி,
புழுதிக்குள் எட்டுக் கொம்பு,
நீட்டிய கழுத்து, தெறிக்கும் நுரை,
குந்தியிருப்பவனின் முதுகில்
காற்றேறிப் புடைத்த சேட்டு.

நிலம் அதிர்ந்தால் குப்புறப் படுக்கப்
பழகிய உடம்பு இது.
காதைப் பொத்து, வாயைத் திற,
இல்லாவிட்டால் செவிப்பறை கிழியும் என்று
பங்கருக்குள் யாரோ கத்திய குரல்.

இன்றைக்கும் வாய் திறந்துதான் இருக்கிறது.
கைதான் காதுக்குப் போகவில்லை.
முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத ஒருத்தியின்
தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறது.
அவள் திரும்பியும் பார்க்கவில்லை,
அவளும் கத்திக்கொண்டிருக்கிறாள்.

போய்விட்டன.
பல்லிடுக்கில் மண்.
சாணமும் வியர்வையும் மணக்க
தலையில் கைவைத்தபடி வருகிறான் தம்பி.
"எது முந்தினது அக்கா, கண்டனியோ?"

"தெரியாதடா."

உண்மையிலேயே தெரியாது.
அடுத்த சோடிகளைப் பூட்டுகிறார்கள்.
என் செருப்பில் ஒன்றைச் சனம் மிதித்து
எங்கேயோ கொண்டுபோய்விட்டது.
இருக்கட்டும்.