நல்ல நிலை

வருட முடிவில் எண்ணுகிறோம்.
மட்டக்குளிப் பாடசாலை, விஞ்ஞானகூடம்.
எழுதுவினைஞன் நான், பெனடிக்டா டீச்சர்,
வலயப் பணிமனையிலிருந்து வந்த விக்கினராசா.
பேனை மூடியைக் கடித்தபடி வாசிக்கிறார்:
நுணுக்குக்காட்டி?
ஆறு.
நிலை?
நல்ல நிலை.

பொய்யில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான்
எண்ணுகிறோம், ஏழு வருடமாய்.
அல்மாரிச் சாவி இடமாற்றத்தோடு போய்விட்டது;
கையளித்ததாய்க் கடதாசி மட்டும் கோப்பில்.
உடைந்தால் யார் சம்பளத்தில் வெட்டுவது என்று
சுற்றுநிருபம் இருக்கிறது.
பூட்டியே கிடந்தால் யாரைக் கேட்பது என்று
இன்னும் வரவில்லை.

தராசு?
ஒன்று. ஒரு கை வளைந்தது.
பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர்
உப்பை நிறுத்தார்கள், ஆணியை நிறுத்தார்கள்,
ஒருநாள் யாருடையதோ பாண் துண்டையும்.
கழிக்க, என்று சிவப்பில் எழுதுகிறார்.

பிறகு புதுப் படிவம்.
செலவின் கீழ் சித்தியைப் போட்டு வகுத்தால்
எங்களுக்கு தசம் ஆறு ஒன்று.
குறைவுக்குக் காரணம்?
பெட்டி அரை அங்குலம்.

கணித சேர் பாணந்துறையில் பஸ் ஏறுகிறார்,
முதற்பாடம் கோட்டையில் நெரிசலில் முடிகிறது.
பின்னேர டியூஷனில் அதே சேருக்கு
குரல் இரண்டு மடங்கு.
ஆனியில் களனி வாசிகசாலைக்குள் வந்து
கீழ்த்தட்டு முழுவதையும் வாசித்துவிட்டுப் போனது.
இதையெல்லாம் அரை அங்குலத்தில் எப்படி?
"ஆளணிப் பற்றாக்குறை" என்று எழுதினேன்.
எழுத்து பெட்டிக்குள் சரியாக அடங்கியது.

அவர் சோற்றுப் பார்சலோடு கந்தோருக்குப் போன நேரம்
டீச்சர் திருப்புளியை எடுத்தா.
பூட்டைத் தொடவில்லை,
பிணைச்சலைக் கழற்றினா.
ஐந்து வில்லைகளில் பூஞ்சணம்,
கடற்காற்று உறைக்குள்ளும் போகுமாம்.
ஆறாவது தெளிவு.

விடுகைப் பத்திரம் எடுக்க வந்திருந்தான் அஃப்லால்.
பேலியகொடையில் மீன் இறக்கும் வேலை,
விடிய மூன்று மணிக்கு.
மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
டீச்சர் அதை ஊசியால் எடுத்து
கண்ணாடித் துண்டில் வைத்து,
"பார்" என்றா.
வெகுநேரம் பார்த்தான்.
"வளையம் வளையமா இருக்கு டீச்சர்.
இது வயசா?"
"வயசுதான். எண்ணு."

எண்ணிக்கொண்டிருக்கும்போது விக்கினராசா வந்தார்.
கழன்ற கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"ஐந்து பழுது, ஒன்று பாவனையில்" என்றா டீச்சர்.
"பாவனை என்று ஒரு நிரல் இல்லையே, மிஸ்.
ஐந்தையும் கழித்தால் விளக்கம் கேட்பார்கள்."
"கேட்கட்டும்."

பையன் தலையைத் தூக்காமல்
"நாலு" என்றான்.
இவர் பேனை மூடியை வாயிலிருந்து எடுத்தார்.
"ஐந்தாக இருக்கலாம், தள்ளு தம்பி" என்று
குனிந்தார்.

பத்திரத்தில் திகதி போட வேண்டியது நான்.
மை காயவில்லை என்று சொல்லி
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.