பாலாற்றில் ஒரு கதவு

நாலு லாரி டியூப், கழற்றிய கதவு,
சுற்றிலும் நைலான் கயிறு.
பள்ளிகொண்டாவுக்குக் கீழே
இரண்டு கரையும் முட்டப் போகிறது ஆறு.
போலீஸ் வருவதற்குள் ஏறச் சொன்னார் மாமனார்.

எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.
மணலில் எங்கே போய்க் கற்பது?

பூவரசி முன்னால் உட்கார்ந்து கத்துகிறாள்.
அவள் அப்பனுக்கு மண்வெட்டிதான் துடுப்பு.
நான் தாழ்ப்பாளைப் பிடித்திருக்கிறேன்,
எங்கே திறந்துகொள்ளுமோ என்று.

"லெஃப்ட்ல ஒடிடா, சுழி வருது."
வந்தது.
"அடுத்தது பெரிசு."
அதுவும்.

"எப்படித் தாத்தா தெரியும்?"

"பதினோரு வருசம்
ராத்திரி ராத்திரி நான் லோடு எடுத்த பள்ளம்,"
என்றார், தண்ணீரைப் பார்க்காமல்.

விரிஞ்சிபுரத்துக்கு முன்பே ஒதுங்கினோம்.
வால்வைப் பிடுங்கினார்.
காற்று இறங்கும் சத்தம் நின்றபிறகும்
கதவைவிட்டு யாரும் எழவில்லை.